எண்ணுவதா, வாசிப்பதா? பல்கலைக்கழக ஆசிரியர் பணி மேம்பாட்டு அளவுகோல்கள்: ஓர் ஒப்பீடு

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஒருவர் இணைப் பேராசிரியராகவும் பின்னர் பேராசிரியராகவும் உயர்வதற்கு அவருடைய ஆய்வையும் கற்பித்தலையும் நிறுவனப் பணியையும் எப்படி அளப்பது என்ற கேள்வி, விதிப்புத்தகத்தில் தீர்ந்துவிட்டதுபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு தேர்வுக் குழுக் கூட்டத்திலும் புதிதாகவே எழுகிறது. நாம் அன்றாடம் யுஜிசி என்று சொல்லும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருப்பவை குறைந்தபட்சத் தகுதிகள் மட்டுமே. அரசு ஊதியம் பெறும் நிறுவனங்களை அந்தக் குறைந்தபட்சத்தோடு மாநில அரசின் ஆணையும் கட்டுப்படுத்துகிறது. தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அதற்கு மேல் சொந்த விதி எழுதிக்கொள்ளும் இடம் உண்டு. அப்படி விதி எழுத உட்காரும் ஒரு கல்விக்குழுவை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தேர்வுக் குழு தன் முன் உள்ள கோப்பை எப்படிப் படிக்கிறது என்பதில் அதே கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

அந்தக் குழுவின் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, 2010-ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகள் கொண்டுவந்து, ஆசிரியர்கள் ஏ.பி.ஐ. (கல்விச் செயல்திறன் குறியீடு) என்ற மூன்றெழுத்தில் இன்றும் நினைவில் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கு. இரண்டாவது, 2018 ஜூலையில் அதை நீக்கிவிட்டு வந்த விதிமுறைகளின் வழி: கற்பித்தலுக்கு ஒரு தரநிலை, ஆய்வுக்கு ஒரு குறைந்தபட்ச மதிப்பெண், இரண்டையும் கடந்தால் நேர்காணல். மூன்றாவது, விண்ணப்பதாரர் தம் சிறந்த படைப்புகளாகத் தேர்ந்து தரும் சிலவற்றைத் துறை அறிந்த வெளியாட்கள் வாசித்து எழுத்தில் கருத்துச் சொல்வது. ஐ.ஐ.டி.கள் ஏறக்குறைய இந்த மூன்றாம் வழியிலேயே நடக்கின்றன. 2018 விதிமுறைகளே முதுநிலைப் பேராசிரியர் என்ற உச்சப் பதவிக்கு இந்த வழியைத்தான் வைத்திருக்கின்றன: பத்துச் சிறந்த வெளியீடுகள், அவற்றோடு மூன்று மூத்த வல்லுநர்களின் மதிப்புரை. உச்சியில் வாசிப்பையும் கீழ்ப்படிகளில் எண்ணிக்கையையும் வைத்ததற்கு என்ன காரணம் என்பது யோசிக்க வேண்டிய ஒன்று.

எந்த வழி நல்லது என்று பொதுவாகப் பேசினால் எல்லா வழிக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட முடியும். ஆகவே கற்பனையாக மூன்று ஆசிரியர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அளவுகோலின் கீழும் அவர்களை நிறுத்திப் பார்க்கிறேன். முதலாமவர் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் இருப்பவர். அச்சேறாத ஒரு நூலின் ஓலைச்சுவடிகளை நான்கு இடங்களிலிருந்து திரட்டிப் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு ஆறாண்டு உழைத்துச் செம்பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தவர். இரண்டாமவர் வேதியியல் துறையினர். பெரிய ஆய்வுக் குழுவொன்றில் உறுப்பினர். ஆண்டுதோறும் ஆறுபேர் சேர்ந்தெழுதும் கட்டுரைகள் பலவற்றில் நடுப்பெயராக வருபவர். மூன்றாமவர் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணித ஆசிரியர். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுப்பவர். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு மாலையில் கூடுதல் வகுப்பும் நடத்துபவர். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரும் அவரே.

புள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 2010 விதிமுறைகள் ஆசிரியரின் வேலையை மூன்று பிரிவாக்கின. கற்பித்தலும் தேர்வுப் பணியும் சேர்ந்த முதற்பிரிவுக்கு ஆண்டுக்கு உச்சம் 125 புள்ளி, குறைந்தது 75 வேண்டும். பாடஞ்சாராச் செயல்பாடுகளும் நிருவாகப் பணியும் அடங்கிய இரண்டாம் பிரிவுக்கு உச்சம் 50, குறைந்தது 15. ஆய்வு என்ற மூன்றாம் பிரிவுக்குத் தொடக்கத்தில் உச்சவரம்பே இல்லை. முதலிரண்டு பிரிவுகளையும் ஆசிரியர் தாமே நிரப்பித் தர வேண்டும். நான் பார்த்த சுயமதிப்பீட்டுப் படிவங்களில் முதற்பிரிவில் நூற்றுக்குக் குறைவாகப் போட்டுக்கொண்டவர் அபூர்வம். எல்லோரும் ஏறக்குறைய முழுப் புள்ளி பெறும் பிரிவு யாரையும் பிரித்துக் காட்டாது. எனவே முடிவு முழுவதும் மூன்றாம் பிரிவின்மேல் போய் விழுந்தது. கற்பித்தலுக்கு அதிகப் புள்ளி ஒதுக்கிய விதி, நடைமுறையில் ஆய்வை மட்டுமே எண்ணும் விதியாக மாறிய கதை இதுதான்.

அந்த ஆய்வுப் பிரிவில் நம் சுவடிப் பதிப்பாளருக்கு என்ன கிடைக்கும்? தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 25 புள்ளி, உள்ளூர்ப் பதிப்பகம் என்றால் 15. சென்னைப் பதிப்பகம் தேசியமா உள்ளூரா என்று குழு வாதிடுவது தனிக்கதை. அதே விதியில் கருத்தரங்கத் தொகுப்பில் வந்த ஒரு முழுக் கட்டுரைக்கு 10 புள்ளி. மூன்று கருத்தரங்குகளுக்குப் போய் மூன்று கட்டுரை கொடுத்தவர், ஆறாண்டு சுவடியோடு கிடந்தவரைத் தாண்டிவிடுவார். அடுத்த சில ஆண்டுகளில் நம் கல்லூரிகள் தோறும் தேசியக் கருத்தரங்குகளும், ஐ.எஸ்.பி.என். எண் தாங்கிய தடித்த ஆய்வுக்கோவைகளும் பெருகியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் விதியைச் சரியாகப் படித்திருந்தார்கள், அவ்வளவே. 2013-இலும் 2016-இலும் திருத்தங்கள் வந்தன. மூன்றாம் பிரிவின் உட்பிரிவுகளுக்கு உச்சவரம்பு வந்தது. ஆனால் எண்ணும் முறை மாறவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் புள்ளிக் கணக்கை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது, இன்னொன்று நம் சமூகத்தில் இருக்கிறது. கணக்கை முதலில் பார்ப்போம். 2010 விதியில் பலர் சேர்ந்தெழுதிய கட்டுரையின் புள்ளியில் 60 விழுக்காட்டை முதல் ஆசிரியரும் நெறியாளரும் சமமாகப் பங்கிட வேண்டும். மீதி 40 விழுக்காடு மற்றவர்களுக்கு. தாக்கக் காரணி (ஓர் இதழின் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) 2-க்கும் 5-க்கும் இடைப்பட்ட இதழில் வரும் கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி 15, கூடுதல் 15, ஆக 30. ஆறுபேர் எழுதினால் முதல் இருவருக்குத் தலா 9, மற்ற நால்வருக்குத் தலா 3. கூட்டினால் அதே 30. எத்தனை பெயர் சேர்த்தாலும் கட்டுரையின் மொத்த மதிப்பு கூடாது.

2018 விதிமுறைகள் இந்த இடத்தில்தான் சறுக்கின. அந்த விதியில் இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. அறிவியல் துறைக் கட்டுரைக்கு அடிப்படை 8, மேற்சொன்ன தாக்கக் காரணிக்கு 20, ஆக 28. ஆறுபேர் சேர்ந்தால் முதன்மை ஆசிரியருக்கு 19.6, மற்ற ஐவருக்கும் தலா 8.4, கூட்டுத்தொகை 61.6. தனியாக உட்கார்ந்து எழுதினால் உலகத்துக்கு 28 மதிப்பெண். ஐந்து பெயரைச் சேர்த்துக்கொண்டால் இருமடங்குக்கும் மேலே. நம் வேதியியல் ஆசிரியர் நடுப்பெயராக 14 கட்டுரைகளில் வந்திருந்தால் 117.6 ஆகிவிடும், பேராசிரியர் பதவிக்கு வேண்டியது 110. ஆறு வகைகளில் மூன்றிலிருந்தாவது மதிப்பெண் வர வேண்டும் என்ற நிபந்தனை உண்டுதான். ஓர் ஆய்வு மாணவரும் ஓர் அழைப்புச் சொற்பொழிவும் இருந்தால் அது நிறைவேறிவிடும். அவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அந்த 14 கட்டுரைகளில் அவர் செய்தது என்ன என்று யாரும் கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி விதி அமைந்திருக்கிறது என்பதுதான் என் குறை.

பதிப்பாளரின் நிலை இதைவிடப் பரிதாபம். 2018 அட்டவணையில் கலை, மொழித் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். தேசியப் பதிப்பகத்தில் நூலெழுதினால் அதே 10. நூலுக்குப் பதிப்பாசிரியராக இருந்தால் 8. பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து முன்னுரை எழுதுபவரை மனத்தில் வைத்து இயற்றிய வரி அது என்பது தெரிகிறது. ஆனால் தமிழில் செம்பதிப்புச் செய்பவருக்கும் அதே சொல்தான், கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கும் அதே கட்டம்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு இந்த அட்டவணை 8 மதிப்பெண் கொடுக்கும். முனைவர் பட்டம் இல்லாததால் அதையும் பயன்படுத்த முடியாது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சுவடியியல், கல்வெட்டியல், அகராதித் தொகுப்பு என்று நீண்ட உழைப்பைக் கேட்கும் வேலைகளிலிருந்து இளைய ஆசிரியர்கள் விலகிப்போவதற்கு ஆர்வக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

2018 விதிமுறைகளுக்கு உரிய நியாயத்தையும் செய்துவிட வேண்டும். கருத்தரங்கக் கட்டுரையின் மதிப்பைப் பத்திலிருந்து, தேசிய அளவுக்கு மூன்றாகவும் மாநில அளவுக்கு இரண்டாகவும் அது இறக்கியது. ஆய்வுக்கோவைக் காய்ச்சல் ஓரளவு தணிந்தது. கல்லூரி ஆசிரியர் இணைப் பேராசிரியர் நிலைவரை உயர்வதற்கு ஆய்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்காமல் விட்டது. நம் கணித ஆசிரியருக்கு இது பெரிய ஆறுதல்: முனைவர் பட்டமும் புத்தொளிப் பயிற்சியும் பணி ஆண்டுகளும் தரநிலையும் போதும். ஆனால் பேராசிரியர் நிலை என்று வரும்போது கல்லூரியிலும் அதே 110, அதே பத்துக் கட்டுரை. பதினாறு மணி நேரம் வகுப்பெடுப்பவருக்கு முன்னால், ஆய்வகமும் ஆய்வு மாணவர்களும் உள்ள பல்கலைக்கழகத்தாரின் அளவுகோலை அப்படியே நட்டுவைப்பது எந்த வகை நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதழ்களின் பட்டியல் என்ற இன்னொரு தூணும் இந்த இரண்டாம் வழியைத் தாங்கி நின்றது. எந்த இதழில் வந்தால் எண்ணலாம் என்பதற்கு யுஜிசி 2017-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அதில் சேர்ந்த இதழ்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவற்றில் 88 விழுக்காட்டுக்கும் மேல் தரக்குறைவானவையாக இருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. அதே ஆண்டு மே மாதத்தில் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீங்கின. பின்னர் ‘கேர்’ பட்டியல் என்ற புதிய ஏற்பாடு 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக யுஜிசி அறிவித்து, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று சில அளவீடுகளை மட்டும் பரிந்துரைத்தது. அதாவது, கட்டுரையைப் படிக்காமல் இதழின் பெயரை மட்டும் பார்த்து டிக் போடுவதற்கு இருந்த கடைசிச் சாக்கும் போய்விட்டது. இனி ஏதோ ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் மூன்றாம் வழிக்கு வருகிறேன். உலகில் இதன் பக்கம் காற்று வீசுகிறது என்று சொன்னால் மிகையாகாது. தாக்கக் காரணியை வைத்துத் தனியாளை மதிப்பிடக் கூடாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானது. எண்ணிக்கை வெறி எங்கும் இல்லாத அளவுக்குப் பரவியிருந்த சீனாவிலேயே 2020 பிப்ரவரியில் கல்வி அமைச்சகமும் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகமும், கட்டுரை எண்ணிக்கைக்குப் பதிலாகத் தேர்ந்த சில படைப்புகளை வைத்து மதிப்பிடும்படி அறிவுறுத்தின. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021-இல் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் தாக்கக் காரணியைப் பயன்படுத்துவதைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்திய தேசிய அறிவியல் கழகமும் 2018-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், எத்தனை, எங்கே என்பதைவிட என்ன கண்டறிந்தார் என்பதையே பார்க்கச் சொன்னது.

நம் மூவரில் முதலிருவர் இந்த வழியில் எப்படித் தெரிவார்கள்? இருவரிடமும் ஐந்து படைப்புகளைக் கேட்போம். ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கத்தில், இதில் நான் செய்தது இது என்ற குறிப்பையும் கேட்போம். பதிப்பாளரின் செம்பதிப்பு ஐந்தில் முதலிடத்தில் நிற்கும். அதன் முகவுரையையும் பாடவேறுபாட்டுக் குறிப்புகளையும் ஓர் அறிஞர் புரட்டினால் அரைமணி நேரத்தில் அதன் தரம் தெரிந்துவிடும். வேதியியல் ஆசிரியர் அந்த அரைப்பக்கத்தில் என்ன எழுதுகிறார் என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். குழுவின் அளவீடுகள் அனைத்தும் அவர் கையால்தான் நடந்தன என்றால் அதையும் அந்தக் குறிப்பு வெளிக்கொண்டுவரும். எண்ணும் முறையில் அவருக்கும் அது கிடைக்காத நியாயம்தான்.

ஆனால் வாசிப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு முன் மூன்றாம் வழியின் ஆதரவாளர்கள் அவசரமாக நகர்ந்துவிடுகிறார்கள். புள்ளிக் கணக்கைத் தள்ளிவிட மனமில்லை என்பதற்கு நான் சொன்ன இரண்டாவது காரணம் இங்கேதான் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் துறை அறிந்த பெரியவரின் கருத்து என்பது நெடுங்காலம், யாருடைய மாணவர், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தத் துணைவேந்தரின் காலத்தில் வந்தவர் என்பவற்றின் நாகரிகப் பெயராகவும் இருந்திருக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்கு வந்த ஒருவருக்கு, பெரிய மனிதர்களின் நல்லெண்ணத்தைவிட ஒரு காகிதத்தில் அச்சான எண்கள் நம்பகமானவை. இத்தனை புள்ளி வேண்டும், என்னிடம் இருக்கிறது, கொடு என்று அவர் நிமிர்ந்து கேட்கலாம். கொடுக்காவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நிபுணர் குழுவின் கல்விசார் கருத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடத் தயங்கும். புள்ளியைத் தவறாகக் கூட்டியிருந்தால் தயங்க மாட்டா. எண்ணிக்கையை எள்ளி நகையாடும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே பேராசிரியராகிவிட்டவர்கள் எழுதியவை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

சிறிய துறைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. சுவடிப் பதிப்பில் மதிப்புரை எழுதத்தக்கவர்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களில் பாதிப்பேர் விண்ணப்பதாரரின் நெறியாளராகவோ, நெறியாளரின் எதிராளியாகவோ இருப்பார்கள். இதற்கு விதியிலேயே வழி செய்ய முடியும். மூன்று வாசகர்களில் ஒருவராவது மாநிலத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். தமிழ்த்துறைக்கு யாழ்ப்பாணமும் பேராதனையும் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் எட்டாத தூரத்தில் இல்லை. நெறியாளரும் கூட்டாசிரியரும் வாசகராகக் கூடாது. வேண்டாதவர் என்று இருவர் பெயரைக் காரணம் சொல்லாமல் நீக்க விண்ணப்பதாரருக்கு உரிமை வேண்டும். மதிப்புரையின் நகல், எழுதியவர் பெயர் நீங்கலாக, அவர் கைக்கு வர வேண்டும். தகுதியில்லை என்று எழுதுபவர் எந்தப் பக்கத்தில் எந்தக் குறை என்று எழுத வேண்டும். இந்த ஐந்தும் இல்லாத மூன்றாம் வழியைவிட ஏ.பி.ஐ. கணக்கு ஆயிரம் மடங்கு மேல்.

2025 ஜனவரி 6 அன்று யுஜிசி வெளியிட்ட வரைவு விதிமுறைகளை இங்கே தொட்டுச் செல்கிறேன். தமிழ்நாட்டில் அந்த வரைவு துணைவேந்தர் நியமனப் பிரிவுக்காகவே எதிர்ப்பைச் சந்தித்தது. மூன்றே நாளில், ஜனவரி 9 அன்று, சட்டப்பேரவை அதற்கு எதிராகத் தீர்மானமும் நிறைவேற்றியது. அந்த ஆரவாரத்தில் பதவி உயர்வுப் பகுதி அதிகம் பேசப்படவில்லை. புதுமையான கற்பித்தல், ஆய்வக உருவாக்கம், இந்திய மொழிகளில் கற்பித்தல், இந்திய அறிவு மரபு, இணையவழிப் பாடங்கள், சமூகப் பணி, புத்தொழில் நிறுவனம் என்று நீளும் ஒன்பது வகைக் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளில் நான்கிலாவது விண்ணப்பதாரர் தேற வேண்டும் என்பது அதன் கரு. மதிப்பெண்களைக் கைவிட்டுக் குழுவின் மதிப்பீட்டை நம்பும் அளவில் இது மூன்றாம் வழியின் உறவு. ஆனால் வாசகர் யார், காரணத்தை எழுத வேண்டுமா, எதை வைத்துத் தேறினார் என்று சொல்வது ஆகிய காப்புகளைக் கட்டாமலே தீர்ப்பைக் குழுவிடம் கொடுக்கிறது. சுவடியில் ஆழ்ந்தவரும் நான்கு கட்டங்களை நிரப்பத் தேடி அலைய வேண்டியிருக்கும். எனவே இதைத் தனி வழியாகப் பரிந்துரைக்க நான் தயாராக இல்லை.

இதுவரை பேசியது பெரும்பாலும் ஆய்வைப் பற்றியே. கற்பித்தலை அளப்பதில் மூன்று வழிகளுமே தோற்றிருக்கின்றன என்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏ.பி.ஐ. படிவத்தில் ஆசிரியர் தமக்குத் தாமே புள்ளி போட்டுக்கொண்டார். 2018 விதியிலோ, ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை விழுக்காடு எடுத்தார் என்பதே கணக்கு: 80 விழுக்காடும் மேலும் என்றால் நன்று, 70 முதல் 80-க்குள் என்றால் நிறைவு, அதற்குக் கீழே நிறைவில்லை. வருகைப் பதிவேட்டைக் கற்பித்தலின் அளவாக எடுத்துக்கொண்டால், மஞ்சள் பூத்த பழைய குறிப்பேட்டிலிருந்து ஆண்டுதோறும் வாசித்துச் செல்பவரும் நம் கணித ஆசிரியரும் ஒரே ‘நன்று’தான். அமெரிக்கப் பாணி வெளிவாசகர் முறையிலும் கற்பித்தல் பெரும்பாலும் மாணவர் கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் படிவத்தை நம் கல்லூரிகளும் இப்போது ஆர்வத்தோடு கையிலெடுத்திருப்பதால் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2017-இல் பாப் உட்லும் அவருடைய சக ஆய்வாளர்களும், முன்பு வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது, மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் கற்றதற்கும் தொடர்பு ஏதும் புலப்படவில்லை. 2015-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், இணையவழி வகுப்பு நடத்திய ஒரே ஆசிரியர் ஆண் பெயரில் வந்தபோது அதிகமாகவும் பெண் பெயரில் வந்தபோது குறைவாகவும் மதிப்பெண் பெற்றார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் பரிந்துரை மிகச் சாதாரணமானது: ஆசிரியர் கடந்த மூன்றாண்டில் தயாரித்த உள்மதிப்பீட்டுத் தேர்வு வினாத்தாள்களையும், அவர் திருத்திய விடைத்தாள்களில் குலுக்கலாக எடுத்த இருபதையும் வாசியுங்கள். பருவத் தேர்வு வினாத்தாளை வேறு யாரோ எடுக்கிறார்கள்; உள்மதிப்பீட்டு வினாத்தாள் அந்த ஆசிரியரின் சொந்தக் கைவண்ணம். ஆண்டுதோறும் அதே ஐந்து கேள்வி திரும்ப வருகிறதா, மாணவரைச் சிந்திக்க வைக்கும் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா, தவறான விடையின் ஓரத்தில் ஆசிரியர் ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா அல்லது குறுக்குக் கோடு மட்டும்தானா என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். அதோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு இரண்டு முறை வகுப்பில் வந்து அமரும் இருவர், அவர்களில் ஒருவர் வேறு துறையினர். மாணவர் கருத்தைக் கேட்கலாம்; எண்ணாக மாற்றிக் கூட்ட வேண்டாம். நம் கணித ஆசிரியர் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுவே.

நிறுவனப் பணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். அலுவலராக இருப்பவர் அவற்றையெல்லாம் நின்று நடத்த வேண்டும். கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் ‘நாக்’ அமைப்பின் குழு வருகிறதென்றால் இளைய ஆசிரியர்கள் இருவர் ஓராண்டுக்குக் காணாமற்போவார்கள். இந்த வேலைக்குப் பதவி உயர்வில் புள்ளி தருவதைவிட, வேலை நடக்கும் ஆண்டிலேயே வாரத்துக்கு நான்கு மணி நேர வகுப்பைக் குறைத்துத் தருவது நேர்மையானது. புள்ளி கொடுத்தால் பெயரளவுக் குழுக்கள் பெருகும். நேரம் கொடுத்தால் உண்மையில் வேலை செய்பவர் மட்டும் வாங்கிக்கொள்வார். பேராசிரியர் நிலைக்கு மட்டும், ஒரு பொறுப்பை ஏற்று அதை முடித்துக் கொடுத்ததற்கான ஒரு சான்று போதும்.

என் தேர்வை இப்போது சொல்லிவிடலாம். தேர்வுக் குழுவை நிருவாகமே நியமித்து, வெளியாள் யாரும் கேள்வி கேட்க முடியாத இடங்களில், குறிப்பாக உரிமையாளர் குடும்பத்தின் கையில் இருக்கும் நிறுவனங்களில், 2018 விதியின் எண்களோடு நின்றுகொள்வதே ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பு. அங்கே வாசிப்பு என்ற பெயரில் திறக்கும் கதவு வேறு எங்கோ கொண்டுபோய் விடும். தேர்தல் மூலம் வரும் உறுப்பினர்களைக் கொண்ட ஆட்சிக்குழுவும், மேல்முறையீட்டுக்கு ஓர் இடமும் உள்ள பல்கலைக்கழகங்கள் இரண்டு கட்டமாகப் போகலாம். முதற்கட்டத்தில் யுஜிசி குறைந்தபட்சம் வாசலாக மட்டும் நிற்கட்டும். அதைக் கடந்தபின் 110-க்கும் 300-க்கும் வேறுபாடு பார்க்க வேண்டாம். கூட்டுக் கட்டுரைகளுக்கு, குறைந்தபட்சத்துக்கு மேல் விதிக்கும் உரிமையைப் பயன்படுத்தி, கூட்டினாலும் நூறு விழுக்காட்டைத் தாண்டாத 2010-இன் பங்கீட்டையே திரும்பக் கொண்டுவரலாம். செம்பதிப்பு, அகராதி போன்றவற்றைத் தனி ஆசிரியர் நூலாகவே எண்ணுவதென்று ஒரு வரி சேர்க்கலாம். இரண்டாம் கட்டம், மேலே சொன்ன ஐந்து காப்புகளோடு வாசிப்பு. ஆய்வை முன்னிறுத்துவதா கற்பித்தலை முன்னிறுத்துவதா என்று விண்ணப்பதாரரே எழுதித் தரட்டும். முன்னிறுத்தியதில் வாசகர்கள் சிறப்பு என்று சொல்ல வேண்டும், மற்றதில் நிறைவு என்றால் போதும்.

செலவு இல்லாமலில்லை. ஆண்டுக்கு நாற்பது விண்ணப்பம் வரும் பல்கலைக்கழகம் 120 மதிப்புரைகளைக் கேட்டு வாங்க வேண்டும். உரிய மதிப்பூதியம் கொடுக்காவிட்டால் அவை வரா. வாசகருக்கு அறுபது நாள் கெடு வைத்து, வராவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பி, எந்த நிலையிலும் பதவி உயர்வு தகுதி பெற்ற தேதியிலிருந்தே கணக்காகும் என்பதை விதியில் எழுதிவைக்க வேண்டும். முனைவர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியரின் ஊதிய நிலை 10-இல், 57,700 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் சேர்பவர் 1,44,200 ரூபாயில் தொடங்கும் பேராசிரியரின் நிலை 14-ஐத் தொட, நான்கும் ஐந்தும் மூன்றும் மூன்றுமாகக் குறைந்தது பதினைந்து ஆண்டாகும். நடைமுறையில் அது பதினெட்டாகவும் இருபதாகவும் நீள்வதற்குக் காரணம் அளவுகோல் கடுமையாக இருப்பதல்ல, கோப்பு நகராமல் இருப்பதுதான். புதிய முறை அந்த ஆண்டுகளைக் கூட்டிவிடக் கூடாது.

இன்னொன்றும் மீதமிருக்கிறது: பழைய விதியை நம்பி நான்காண்டு உழைத்துவிட்டவர்கள். 2010-க்கும் 2018-க்கும் இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, எந்த விதியின்கீழ் மதிப்பிட வேண்டும் என்று தாமே தேர்ந்துகொள்ள யுஜிசி மூன்றாண்டு அவகாசம் தந்தது. பல்கலைக்கழகம் தன் விதியை மாற்றும்போதும் அதையே செய்யலாம். விதி நடைமுறைக்கு வரும் நாளில் மதிப்பீட்டுக் காலத்தின் பாதியைக் கடந்துவிட்ட ஒவ்வோர் ஆசிரியருக்கும் பழையதா புதியதா என்று எழுதிக் கொடுக்க ஒரு படிவம் அனுப்பி, எழுதிக் கொடுத்ததைப் பதவி உயர்வு ஆணையிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும்.